ஜப்பானிய மடிப்புத் திரைகளில் பருவ மலர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் அருங்காட்சியகங்களில் தங்கப் பின்னணியில் பூக்கள் வரைந்த பெரிய மடிப்புத் திரைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பார்க்கப் போவதற்கு முன்பே தெரிந்திருந்தால் நல்லது என்று பட்டதை எல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். அவசரமாக இருந்தால் ஓவியர் கோரினின் ஐரிஸ் பூத் திரை, ஓவியர் ஹோயிட்சுவின் வெள்ளித் திரை பற்றிய பதில்களை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

பியோபு என்பது என்ன? ஓவியமா, வீட்டுச் சாமானா?

பியோபு என்பது மடிப்புத் திரையின் ஜப்பானியப் பெயர். அது இரண்டும்தான். ஆனால் முதலில் சாமான், அப்புறம்தான் ஓவியம். காற்றைத் தடுக்க, இடத்தைப் பிரிக்க, உட்கார்ந்திருப்பவரின் முதுகுப்பக்கத்தை மறைக்க வைத்த தட்டி அது. ஹெயான் காலத்து (8ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 12ஆம் நூற்றாண்டு வரை) மாளிகைகளில் நிலையான சுவர்கள் மிகக் குறைவு. பெரிய மரத்தரைக் கூடம் ஒன்று இருக்கும். திரைகளையும் துணித் தடுப்புகளையும் வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேண்டிய அளவுக்கு அறை ஆக்கிக்கொள்வார்கள். வேலை முடிந்தால் மடித்துச் சேமிப்பறையில் வைத்துவிடுவார்கள்.

இந்த மடித்து வைப்பதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். சுவரில் மாட்டிய படம் வருடம் முழுக்க நம் கண்முன்னே இருந்து, கடைசியில் கண்ணிலேயே படாமல் போய்விடும். திரை அப்படி இல்லை. வசந்தத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று வெளியே வரும், போகும். பூக்களும் அப்படித்தானே! பருவ மலர்களை வரைய இதைவிடப் பொருத்தமான பொருளை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

இது ஜப்பானிலேயே தோன்றியதா?

இல்லை, மூலம் சீனா. கொரியா வழியாகவும் வந்தது. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டுத் திரை ஒன்றின் ஆறு தட்டுகள் (மடிப்புக்கு மடிப்பு உள்ள பலகைகள்) இன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மரம், மரத்தடியில் ஒரு பெண். அந்தப் பெண்களின் உடையில் ஒரு காலத்தில் பறவை இறகுகளை ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் காலத்துத் திரைக்கும் நாம் இன்று பார்க்கும் திரைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அப்போது ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாகப் பட்டுக் கரை வைத்துச் சட்டம் போட்டு, ஓரத்தில் துளையிட்டு, கயிற்றாலோ தோல்வாராலோ ஒன்றோடு ஒன்று கட்டினார்கள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே கரை குறுக்கிடும். ஒரு கிளை முதல் தட்டில் தொடங்கி மூன்றாம் தட்டு வரை ஓடுவது சாத்தியமே இல்லை. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் காகிதக் கீல் பரவலான பிறகுதான் ஆறு தட்டுகளும் ஒரே பரப்பாக மாறின. பின்னால் வந்த அகலமான பூந்தோட்டங்கள் எல்லாம் அந்தக் காகிதக் கீலின் தயவு.

காகிதத்தில் கீலா? கிழிந்துவிடாதா?

கிழியாது. வாஷி என்ற கைக்காகிதத்தின் நார் நீளமானது, பலமானது. அதை நீள வாரியாக வெட்டி, ஒன்றை முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கும் அடுத்ததைப் பின்னிருந்து முன்னுக்கும் மாற்றி மாற்றிச் சுற்றி ஒட்டுவார்கள். அதனால் திரையை இரண்டு பக்கமும் மடக்கலாம். இடைவெளியும் அனேகமாக இருக்காது. உலோகக் கீல் வைத்திருந்தால் ஓவியத்தின் நடுவே ஒரு கோடு விழுந்திருக்கும்.

உள்ளே இருப்பது மெல்லிய மரச் சட்டங்களால் ஆன கட்டம், பெரும்பாலும் ஜப்பானிய சீடர் மரம். அதன்மேல் பல அடுக்குக் காகிதம். இதில் ஓர் அடுக்கை முழுக்க ஒட்டாமல், கூரைக்கு ஓலை வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒரு விளிம்பை மட்டும் ஒட்டிக்கொண்டே போவார்கள். ஈரப்பதம் ஏறி இறங்கும்போது மேலே உள்ள ஓவியம் இழுபட்டுக் கிழியாமல் இந்த அடுக்கு தாங்கிக்கொள்ளும். ஜப்பானின் மழைக்காலத்துப் புழுக்கத்தையும் குளிர்காலத்து வறட்சியையும் நூற்றாண்டுக் கணக்கில் இவை சமாளித்ததற்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைதான் காரணம். செய்தவர் பெயர் எங்கும் இருக்காது.

பின்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பழைய திரைகள் பலவற்றில் அச்சுக்கட்டையால் அச்சடித்த காகிதம் ஒட்டியிருக்கும். பறக்கும் சிட்டுக்குருவிகளின் வடிவம் அதில் அடிக்கடி வரும்.

எத்தனை மடிப்பு, எவ்வளவு பெரியது?

அதிகம் காணப்படுவது ஆறு மடிப்புத் திரை. அதுவும் இரண்டு சேர்ந்த ஜோடி. ஒவ்வொன்றும் சுமார் 150 முதல் 180 செ.மீ. உயரம், விரித்தால் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலம். ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏழு மீட்டருக்குத் தோட்டம் நிற்கும். இரண்டு, நான்கு, எட்டு மடிப்புகளும் உண்டு.

எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்?

வலமிருந்து இடம். ஜப்பானிய எழுத்தும் பழைய வழக்கத்தில் அப்படித்தான் ஓடும். நான்கு பருவங்களும் ஒரு ஜோடியில் இருந்தால் வலது திரையின் வலது ஓரத்தில் வசந்தம் தொடங்கும், அப்படியே கோடைக்குப் போகும். இடது திரையில் இலையுதிர்காலம், கடைசி ஓரத்தில் பனி. இடப்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது நம் பழக்கம், அதனால் பலர் குளிர்காலத்திலிருந்து பின்னோக்கி நடந்துவிட்டு ஒன்றும் புரியாமல் வெளியே வருகிறார்கள். அரங்கத்துக்குள் நுழைந்ததும் நேராக வலது கோடிக்குப் போய்விடுங்கள்.

எல்லாப் பருவத்துப் பூவும் ஒரே நேரத்தில் பூப்பது எப்படி? இது நிஜம் இல்லையே?

நிஜம் இல்லைதான். ஓவியர் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட தோட்டத்தை வரையவில்லை. ஹெயான் காலத்திலிருந்தே நான்கு பருவங்களின் காட்சி, பன்னிரண்டு மாதங்களின் காட்சி என்று திரைகளுக்கு மரபான பொருள்கள் உண்டு. அந்தக் காட்சிகளைப் பார்த்துக் கவிஞர்கள் பாட்டெழுதுவார்கள். பாட்டை வண்ணக் காகிதத்தில் எழுதித் திரையிலேயே ஒட்டுவார்கள். 10ஆம் நூற்றாண்டின் பெரிய கவிஞர் கி நோ த்சுராயுகி இப்படிப்பட்ட திரைப்பாடல்கள் ஏராளமாக எழுதியவர். வழக்கம் அற்றுப்போய்விடவும் இல்லை. 2019இல் பேரரசர் நருஹிதோ பதவியேற்ற ஆண்டில் நடந்த தைஜோசாய் சடங்குக்காக, இரண்டு பகுதிகளின் நான்கு பருவக் காட்சிகளோடும் பாட்டோடும் புதிதாகத் திரைகள் செய்தார்கள்.

ஆனால் ஒவ்வொரு பூவையும் தனியாக எடுத்துப் பார்த்தால் செடி நூல் அறிந்தவர் குறை சொல்ல மாட்டார். இலை அடுக்கு, மொட்டு திறக்கும் விதம், பூச்சி அரித்த ஓட்டை வரைக்கும் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களாக அவை ஒருபோதும் இருந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

எந்தப் பூ எந்தப் பருவம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொதுவான வரிசையைச் சொல்கிறேன். பனி விலகும் முன்பே பிளம். அதன்பின் செர்ரி. ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் ஊதா நிற விஸ்டீரியா, பியோனி, நீரோரத்து ஐரிஸ். ஜூன் மழையில் ஹைட்ராஞ்சியா. கோடையில் தாமரை, லில்லிப் பூக்கள், காலையில் மலர்ந்து மதியத்துக்குள் சுருங்கும் அசகாவோ. பிறகு செவ்வந்தி, மேப்பிள் இலைச் சிவப்பு. குளிரில் நார்சிசஸ், கமேலியா, பனி சுமந்த மூங்கில்.

ஒரு சிக்கல் உண்டு. பழைய நாட்காட்டியில் பருவங்கள் இன்றைய கணக்குக்குச் சுமார் ஒரு மாதம் முன்னால் தொடங்கும். வசந்தம் பிப்ரவரி தொடக்கத்திலேயே வந்துவிடும், இலையுதிர்காலம் ஆகஸ்ட் முற்பகுதியில். அதனால் நமக்குக் கோடைப் பூவாகத் தெரியும் அசகாவோ, ஹைக்கூ மரபில் இலையுதிர்காலப் பூ. ‘இது தப்பான இடத்தில் இருக்கிறதே’ என்று தோன்றினால் இதை நினைவில் வையுங்கள்.

இலையுதிர்காலப் பகுதியில் பூவைவிடப் புல்தான் அதிகம் தெரிகிறது. ஏன்?

நல்ல கேள்வி. இலையுதிர்காலத்துக்கென்று ஏழு செடிகள் ஜப்பானில் புகழ்பெற்றவை. மன்யோஷு என்ற 8ஆம் நூற்றாண்டுப் பாடல் தொகுப்பில் யாமானோவே நோ ஒகுரா என்ற கவிஞர் அவற்றை வரிசையாகப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். வளைந்த மெல்லிய கிளையில் சிறு ஊதாப் பூ பூக்கும் ஹகி, நாணல் போன்ற சுசுகி, கொடியாகப் படரும் குசு, ஓரம் கீறிக் கீறி இருக்கும் நதேஷிகோ, மஞ்சள் தூவல் போன்ற ஒமினாயேஷி, ஃபுஜிபகாமா, அப்புறம் ஏழாவது. அந்த ஏழாவதை அவர் அசகாவோ என்றாலும், இன்று பெரும்பாலும் கிக்யோ என்ற மணி வடிவ நீலப் பூவையே அது குறிப்பதாகக் கொள்கிறார்கள்.

கவனித்தால், தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் ராஜாப் பூ இந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மேட்டிலும் வரப்பிலும் தானாக முளைப்பவை. காற்று அடித்தால் சாய்பவை. ஓவியருக்கு இதில் லாபம் உண்டு: காற்றை வரைய முடியாது, புல்லை வரையலாம்.

வசந்தத்துக்கும் ஏழு செடிகள் உண்டு. ஆனால் அவை கஞ்சியில் போடும் கீரைகள், ஜனவரி 7ஆம் தேதி சாப்பிடுவார்கள். திரையில் தேடாதீர்கள்.

பின்னணியில் ஏன் தங்கம்? செல்வத்தைக் காட்டவா?

அதுவும் உண்டு, மறுக்க முடியாது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோட்டை கட்டிய பிரபுக்களுக்கு ஓவியம் வரைந்த கானோ எய்தோகு, ஹசெகாவா தோஹாகு ஆகியோர் காலத்தில் தங்கம் அதிகாரத்தின் பேச்சுதான். ஆனால் தடித்த சுவர்களும் ஆழமான தாழ்வாரமும் கொண்ட கட்டடங்களின் உள்ளே பகலிலும் இருட்டு. இரவில் எண்ணெய் விளக்கு, மெழுகுவத்தி. தங்கம் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பித் தரும். சுடர் ஆடும்போது பின்னணியும் அசையும். அருங்காட்சியகத்தின் ஒரே சீரான மின்விளக்கில் இந்தப் பாதி வித்தை காணாமல் போய்விடுகிறது என்பதுதான் வருத்தம்.

இன்னொரு பயன், ஓவியம் தெரிந்தவர்கள் அதிகம் பேசுவது. தங்கம் போட்டுவிட்டால் வானம் வேண்டாம், தரை வேண்டாம், தூரத்து மலை வேண்டாம். இது காலையா, மாலையா என்றும் சொல்ல வேண்டாம். பூ மட்டும் இருக்கும். நான்கு பருவத்துப் பூக்களும் சண்டையில்லாமல் ஒரே பரப்பில் நிற்பதற்கு இதுவே வழிவிடுகிறது.

தங்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடு தெரிகிறது. பழுதா?

பழுது இல்லை. தங்க ரேக்கு சின்னச் சின்னச் சதுரமாகத்தான் வரும். இன்றைய வழக்கமான அளவு ஒரு பக்கம் 10.9 செ.மீ. கனம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. விரலால் தொட்டால் விரலோடு போய்விடும், மூச்சு பட்டால் பறக்கும். மூங்கில் இடுக்கியால்தான் எடுப்பார்கள். ஒன்றன் ஓரத்தில் இன்னொன்று கொஞ்சம் ஏறும்படி ஒட்டும்போது அந்த ஏறிய இடம் இரட்டைத் தங்கமாகிக் கோடாகத் தெரிகிறது. இன்றைய ரேக்கு அளவில் கணக்குப் போட்டால் ஓர் ஆறு மடிப்புத் திரைக்கு மட்டும் நானூறுக்கு மேல் வேண்டும். ஜப்பானில் செய்யும் தங்க ரேக்கு இன்று அனேகமாக முழுவதும் கானாசாவா நகரிலிருந்துதான் வருகிறது.

வண்ணங்கள் எதிலிருந்து?

பெரும்பாலும் கல். நீலம் அசுரைட் கல்லிலிருந்து, பச்சை மாலகைட்டிலிருந்து. இரண்டுமே செப்புத் தாதுக்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம். வெள்ளைக்குச் சிப்பி ஓட்டை அரைத்த மாவு, கோஃபுன் என்பார்கள். எல்லாவற்றையும் வச்சிரப் பசையில் குழைப்பார்கள். ஒரே கல்லைக் கரடாக அரைத்தால் அடர்ந்த நிறம், மைய அரைத்தால் வெளிறிய நிறம். ஆகவே நீலத்தில் வெள்ளை கலந்து வெளுப்பாக்க வேண்டிய அவசியமே பலசமயம் இல்லை.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சில திரைகளில் செவ்வந்தி இதழ்கள் புடைத்திருப்பது தெரியும். கோஃபுனைக் கெட்டியாக அடுக்கடுக்காக ஏற்றிச் செய்த வேலை. நேர் எதிரே நின்றால் இது கண்ணில் படாது.

இன்னொரு வித்தை தராஷிகோமி. பூசிய வண்ணம் காயும் முன் அதில் இன்னொரு வண்ணத்தையோ தண்ணீரையோ சொட்டுவிடுவது. அது தன் இஷ்டத்துக்குப் பரவிக் குளம்போல் தேங்கிக் காயும். மரப்பட்டையின் பாசி, இலையின் திட்டு எல்லாம் இப்படி வந்தவை. எங்கே சொட்டுவது என்பது ஓவியர் கையில், அப்புறம் நடப்பது அவர் கையில் இல்லை.

ரின்பா என்று ஒரு பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்கள்?

பூத்திரை என்றதும் நினைவுக்கு வரும் ஓவியர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையில் வருபவர்கள். விசித்திரம் என்னவென்றால், இவர்களில் முக்கியமானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கானோ குடும்பத்தில் அப்பனுக்குப் பின் மகன், குருவுக்குப் பின் சீடன் என்று வேலை நடந்தது. இங்கே அப்படி இல்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோட்டோவில் தவாராயா என்ற ஓவியக் கடை நடத்திய சோதாட்சு. அவர் ஓவியங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்ட ஓகாதா கோரின் (1658–1716). கோரின் இறந்து ஒரு நூற்றாண்டு கழித்து, எடோ (இன்றைய டோக்கியோ) நகரில் அவரைக் குருவாக வரித்துக்கொண்ட சகாய் ஹோயிட்சு (1761–1828). ஹோயிட்சு 1815இல் கோரினின் நூறாவது நினைவாண்டைக் கொண்டாடி அவருடைய ஓவியங்களைத் தொகுத்து அச்சிட்டார். அவருடைய நேர்ச் சீடர் சுசுகி கீட்சு (1796–1858).

கோரினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் குடும்பம் கியோட்டோவில் அரண்மனைப் பெண்களுக்குக் கிமோனோ செய்துகொடுத்த பெரிய ஜவுளிக் கடை. அப்பா விட்டுப்போன சொத்தை ஆடம்பரத்தில் கரைத்துவிட்டு, கையில் காசு தீர்ந்த பிறகுதான் மனிதர் ஓவியத்தைத் தொழிலாக முழுமூச்சில் பிடித்தார். ஆனால் ஜவுளிக் கடைப் பையனின் கண் அவரைவிட்டுப் போகவில்லை. அதை அடுத்த பதிலில் பார்ப்போம்.

கோரினின் ஐரிஸ் திரை ஏன் அவ்வளவு பிரபலம்?

டோக்கியோ அயோயாமாவில் உள்ள நெசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, தேசியப் பொக்கிஷம். 18ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் வரைந்தது. ஆறு மடிப்பு ஜோடி, உயரம் சுமார் 151 செ.மீ. பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும்: தங்கம், நீலப் பூ, பச்சை இலை. தண்ணீர்கூட வரையவில்லை.

கொஞ்ச நேரம் நின்றால் விஷயம் தெரியவரும். பூவின் நீலம் ஒன்றல்ல, அடர்ந்தது ஒன்று, வெளிறியது ஒன்று. கோடு போட்டு இதழைப் பிரிக்கவில்லை, இரண்டு நீலமும் சந்திக்கும் இடமே கோடு. வலது திரையில் செடிகளின் அடிப்பாகம் தெரிகிறது, எதிரே நின்று பார்ப்பதுபோல. இடது திரையில் அடிப்பாகம் கீழ் விளிம்பில் வெட்டுப்பட்டுப் போகிறது, மேலிருந்து குனிந்து பார்ப்பதுபோல. அப்புறம், சில கொத்துகள் அச்சு எடுத்ததுபோல் மறுபடியும் வருகின்றன. துணிக்கு வடிவம் போட உதவும், வடிவம் வெட்டிய அச்சுத்தாளின் முறையைக் கையாண்டிருக்கிறார் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஒரே கொத்து திரும்ப வந்தாலும் சலிக்காததற்குக் காரணம் தாளம். உயர்ந்து, தாழ்ந்து, கொஞ்சம் இடம் விட்டு, மறுபடி உயர்ந்து போகிறது.

இதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. ஈசே கதைகள் என்ற பழைய நூலில், தலைநகரை விட்டுக் கிளம்பிய ஒருவன் மிகாவா நாட்டில் எட்டுப் பலகைப் பாலம் உள்ள சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்கிறான். ஐரிஸ் பூத்திருக்கிறது. அந்தப் பூவின் பெயரான கா-கி-த்சு-ஹா-தா என்ற ஐந்து அசைகளும் அடிக்கு ஒன்றாக முதலில் வரும்படி ஒரு பாட்டுக் கட்டு என்கிறார்கள் கூட வந்தவர்கள். விட்டுவந்த மனைவியை நினைத்து அவன் கட்டுகிறான். கேட்டவர்கள் அழுது, கையிலிருந்த உலர்ந்த சோறு கண்ணீரில் ஊறிப்போயிற்றாம். கோரின் ஆளையும் வரையவில்லை, பாலத்தையும் வரையவில்லை. படித்த கியோட்டோக்காரர்களுக்குப் பூவே போதும். சில ஆண்டுகள் கழித்து இதே பொருளில் இன்னொரு ஜோடி வரைந்தபோது பாலத்தைச் சேர்த்தார். அது இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில். பாலம் இல்லாததே எனக்குப் பிடிக்கும்.

2004இல் வெளியான 5000 யென் நோட்டு கையில் கிடைத்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், கோரினின் இந்த ஐரிஸ்தான். 2024இல் வந்த புதிய நோட்டில் அந்த இடத்தை விஸ்டீரியா எடுத்துக்கொண்டது.

வெள்ளியிலும் திரை உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால் பூத்திரைகளிலேயே உச்சம் ஒரு வெள்ளித் திரைதான்: ஹோயிட்சுவின் ‘கோடை, இலையுதிர்காலப் புற்கள்’. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இது தனியாகப் பிறந்த ஓவியம் இல்லை. சோதாட்சு வரைந்த காற்றுத் தேவன், இடித் தேவன் திரையைக் கோரின் பார்த்து வரைந்தார். கோரினின் அந்தத் திரையின் பின்பக்கத்தில்தான் ஹோயிட்சு இதை வரைந்தார். முன்னால் இடித் தேவன் இருக்கும் தட்டுகளுக்குப் பின்னால், மழையில் நனைந்து தலை கவிழ்ந்த கோடைச் செடிகள். வெள்ளை லில்லி, சாய்ந்த புல், மேல் மூலையில் திடீரென்று பெருகிய நீரோட்டம் நீலமாக. காற்றுத் தேவனுக்குப் பின்னால், காற்றில் அல்லாடும் இலையுதிர்காலச் செடிகள். குசுக் கொடியின் இலைகள் புரண்டு வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டுகின்றன. சிவந்த இலைகள் பிய்ந்து பறக்கின்றன. முன்னால் தங்கம், தேவர்கள், மேலே. பின்னால் வெள்ளி, புற்கள், கீழே. நூறு வருடத்துக்கு முந்தைய குருவுக்கு ஒரு சீடன் எழுதிய பதில் என்றே இதைச் சொல்லலாம்.

முன்னும் பின்னும் உரசிப் பழுதாகாமல் இருக்க இரண்டையும் பிற்காலத்தில் பிரித்துத் தனித்தனித் திரையாக்கிவிட்டார்கள். பாதுகாப்புக்குத் தேவைதான். ஆனாலும் அரங்கத்தில் இதைப் பார்க்கிறவருக்குப் பின்னால் சுற்றிப்போய்ப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது.

வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். தங்கம் அப்படியே இருக்கும்போது பல வெள்ளித் திரைகள் சாம்பல் நிறமாகிவிட்டதற்குக் காரணம் அதுதான்.

கீட்சுவின் நீலப் பூக்கள் ஏன் எல்லா இடத்திலும் அச்சாகின்றன?

‘அசகாவோ’ திரை, மெட்ரோபாலிடனில் இருப்பது. சுமார் 178 செ.மீ. உயரமுள்ள ஆறு மடிப்பு ஜோடி முழுவதும் ஒரே கொடி, பந்தல் இல்லை, வேலி இல்லை, தரை இல்லை. பிடிமானமே இல்லாமல் தங்கத்தில் புரண்டு எழுகிறது. பூவின் நடுவிலிருந்து வெள்ளைக் கதிர் நட்சத்திரம்போல் விரியும். கோரினின் தாளத்தை எதிர்பார்த்துப் போனால் இது கொஞ்சம் திகட்டும். அதுவே இதன் வேகம்.

கையெழுத்து இல்லாத, வெறும் வட்ட முத்திரை மட்டும் உள்ள பூத்திரைகள் யாருடையவை?

அந்த முத்திரையில் ‘இநென்’ என்று இருந்தால் சோதாட்சுவின் கடையிலிருந்து வந்தவை. சோதாட்சுவும் அவருக்குப் பின் வந்தவர்களும் இந்த முத்திரையைப் பயன்படுத்தினார்கள். அவருக்குப் பின் கடையை நடத்திய சோசெட்சு, கானாசாவாவின் மயேதா பிரபுக்களுக்குப் பணி செய்தவர். பெரிய பெயர்களைத் தேடி ஓடும் கூட்டம் இவற்றைத் தாண்டிப் போய்விடும். நின்று பாருங்கள். கோழிக்கொண்டை, கசகசாப் பூ, அவரைக் கொடி, கத்தரிக்காய், மக்காச்சோளம் என்று கொல்லைப்புறமே வந்திருக்கும். அரண்மனைக் கவிதையில் இடம் கிடைக்காத கத்தரிக்காய்க்குத் தங்கப் பின்னணியில் இடம் கிடைத்திருக்கிறது.

நேராக விரித்து வைத்தால் முழு ஓவியமும் தெரியுமே, ஏன் மடித்தே நிறுத்துகிறார்கள்?

நேராக விரித்தால் விழுந்துவிடும். ‘வியாபாரியும் திரையும் நேராக நின்றால் நிற்க முடியாது’ என்று ஜப்பானில் குறும்பாக ஒரு பழமொழியே உண்டு.

ஓவியருக்கும் இது தெரியும். வெளியே துருத்தும் மடிப்பில் வைத்த கிளை நம்மை நோக்கி வரும், உள்ளே போகும் மடிப்பில் வைத்தது பின்வாங்கும். இடப்பக்கம் ஓரமாக நின்றால் ஒன்றுவிட்டு ஒரு தட்டு மறையும், தூரத்தில் இருந்த இரண்டு கொத்துகள் ஒட்டிக்கொள்ளும். நான்கடி நடந்தால் மறுபடி பிரியும். புத்தகத்தில், தட்டையாக விரித்துக் காட்டும் இணையப் படத்தில், இது எதுவும் இல்லை. இன்னொன்று, இவை பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கு வரைந்தவை. அரங்கத்தில் முழங்காலை மடித்துக் கொஞ்சம் தாழ்ந்து பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அங்கே பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இன்றும் வீடுகளில் வைத்திருக்கிறார்களா?

அன்றாடப் புழக்கத்தில் குறைவு. கல்யாண மேடையிலும் பிரபலங்களின் பேட்டியிலும் படம் எதுவும் இல்லாத வெறும் தங்கத் திரை பின்னால் நிற்கும். மார்ச் 3 பொம்மைத் திருநாளில் பொம்மைகளுக்குப் பின்னால் குட்டித் திரை வைப்பார்கள். இறந்தவர் பக்கத்தில் திரையைத் தலைகீழாக நிறுத்தும் வழக்கமும் உண்டு. ஆகவே எங்காவது திரையைத் தலைகீழாக வைத்து விளையாடாதீர்கள்.

ஜூலையில் கியோட்டோ போகிறவர்கள் கியோன் திருவிழாவைத் தவற விடக்கூடாது. முதல் தேர் ஊர்வலத்துக்கு முந்தைய 14, 15, 16 ஆகிய தேதிகளின் மாலைகளில், தேர் நிற்கும் தெருக்களிலுள்ள பழைய வணிகக் குடும்பங்கள் சில, தங்கள் வீட்டுத் திரைகளை வாசலறையில் விரித்து வைத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி கதவைத் திறந்துவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டியில் இல்லாத திரையைப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை.

அருங்காட்சியகத்துக்கு எப்போது போனால் பார்க்கலாம்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இவை நிரந்தரமாகக் காட்சியில் இருப்பதில்லை. வெளிச்சம் பட்டால் வண்ணமும் காகிதமும் கெடும் என்பதால், தேசியப் பொக்கிஷங்களை ஆண்டுக்குச் சுமார் 60 நாட்களுக்கு மேல் காட்டுவதில்லை என்பது பொதுவான நடைமுறை. நெசுவில் கோரினின் ஐரிஸ் திரை வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில் வெளியே வரும். அருங்காட்சியகத் தோட்டத்துக் குளத்திலும் அப்போது ஐரிஸ் பூத்திருக்கும். கோரினின் சிவப்பு, வெள்ளைப் பிளம் மரங்கள் திரையை அதாமியிலுள்ள எம்ஓஏ அருங்காட்சியகம் பிளம் பூக்கும் பிப்ரவரியை ஒட்டிக் காட்டுவது வழக்கம். விமானச் சீட்டு எடுக்கும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அந்த ஆண்டுக்கான தேதியைப் பார்த்துவிடுங்கள்.

படம் எடுக்கலாமா?

நெசுவின் காட்சியறைகளில் கூடாது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் அதன் சொந்தத் தொகுப்பை ஃபிளாஷ் இல்லாமல் பெரும்பாலும் எடுக்கலாம், தடைக் குறி போட்ட பொருள்களைத் தவிர. ஜப்பான் வரை போக முடியாதவர்களுக்கு: மெட்ரோபாலிடன் தன் இணையதளத்தில் கோரினின் எட்டுப் பாலத் திரையையும் கீட்சுவின் அசகாவோவையும் பெரிய அளவுப் படங்களாக இலவசமாகத் தருகிறது. இறக்கிக்கொண்டு நன்றாகப் பெரிதாக்கினால் தங்க ரேக்கின் கட்டங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். காகிதத்தில் அச்சிட்டு, ஆறாக மடித்து மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். கணினித் திரையில் தட்டையாகப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.